எண்ணுக்குள் இல்லாதவை: கடலடிப் பிளவுகளும் ஆழிப்பேரலையும்



நிலவியல் படித்தவனுக்கு அறக்கட்டளைச் சொற்பொழிவு வாய்ப்பது அரிது. இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் இருக்கிற மேடைகளில் பத்தில் ஒன்றுகூடப் பாறைக்குக் கிடையாது. கிடைத்த நேரத்தை முகவுரையில் கரைக்காமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் 2 மணி 8 நிமிடத்துக்குச் சுமத்ராவுக்கு மேற்கே, கடலடியில், 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம். சென்னையில் மாடிக் கட்டடங்கள் ஆடின. அலுவலகங்களில் இருந்தவர்கள் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். கடலோரக் குப்பங்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. மாலை வரை எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலை வராமல் இல்லை. சுமத்ராவின் மொலாபோ ஊரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் பதிவாயிற்று. நம் கரையில் அலைமானிக்கு மட்டுமே தெரிந்த சில சென்டிமீட்டர்தான். மறுநாள் தேநீர்க் கடைகளில் கேட்ட பேச்சு இது: “எட்டு புள்ளி ஆறுன்னாங்க, ஒண்ணுமே வரலையே?”

நல்ல கேள்வி. கேட்டவர்களுக்கு அன்று யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. “நல்லவேளை, தப்பித்தோம்” என்றதோடு பேச்சு முடிந்தது. இன்று அந்தப் பதிலைச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரே கடலில், ஏழெட்டு ஆண்டுகளுக்குள், மூன்று பெரிய நிலநடுக்கங்கள். 2004 டிசம்பர் 26இல் 9.1. 2005 மார்ச் 28இல், நியாஸ் தீவருகே, 8.6. 2012இல் மீண்டும் 8.6. முதலாவது பதினான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தமிழகத்தில் மட்டும் ஏறக்குறைய எண்ணாயிரம் பேர், அவர்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். மற்ற இரண்டும் நம் கரையில் ஒரு கட்டுமரத்தைக்கூடப் புரட்டவில்லை. அந்த இரண்டுக்கும் எண் ஒன்றே. ஆனால் அவை நம்மை விட்டுவைத்த காரணங்கள் ஒன்றல்ல.

நிலநடுக்கத்தின் அளவு என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எதிலிருந்து வருகிறது? பத்திரிகைகள் இன்னும் ரிக்டர் என்றே எழுதுகின்றன. பெரிய நிலநடுக்கங்களுக்கு அந்த அளவுகோலைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. இன்று பயன்படுவது ஹாங்க்ஸ், கனாமோரி என்ற இருவர் 1979இல் வகுத்தது. உடைந்த பிளவின் பரப்பு, அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதிலிருந்து அந்த எண் கிடைக்கிறது. எவ்வளவு உடைந்தது என்பதற்கு அது நம்பகமான அளவு. ஆனால் அந்த எண்ணுக்குள் திசை இல்லை. பாறை மேலே எழும்பியதா, பக்கவாட்டில் வழுக்கியதா என்று அது சொல்லாது. பிளவுக்கு மேலே எத்தனை மீட்டர் தண்ணீர் நின்றது என்றும் சொல்லாது. ஆழிப்பேரலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சொல்லப்படாத அந்த இரண்டும்தான்.

எண்ணைக் கண்டுபிடிப்பதற்கும் நேரம் பிடிக்கும். 2004 டிசம்பர் 26 காலை 6 மணி 29 நிமிடத்துக்கு உடைப்பு தொடங்கியது. கால் மணி நேரத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை மையம் சொன்ன அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5 ஆயிற்று. 9 என்று தெரிவதற்குள் நம் கரையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று உடைந்தது என்ன? சுந்தா அகழி என்று வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். மியான்மர்க் கரையிலிருந்து அந்தமான், நிக்கோபார், சுமத்ரா, ஜாவா என்று வில்லாக வளைந்து போகும் ஆழக் கோடு. அங்கே இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் கிழக்கேயுள்ள தட்டின் அடியில் நுழைகிறது. நுழைவது ஓய்வதில்லை, ஆனால் இரண்டு தட்டுகளும் தொடும் சாய்தளம் பல இடங்களில் பூட்டிக்கொண்டு கிடக்கிறது. அப்போது கீழ்த்தட்டு மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. விளிம்பு தாழத் தாழ, அதற்குப் பின்னாலுள்ள பகுதி மெல்லப் புடைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் இது நடக்கும். பூட்டு விடுபடும் நாளில் எல்லாம் தலைகீழாகிறது: தாழ்ந்திருந்த விளிம்பு விருட்டென்று எழுகிறது, புடைத்திருந்த பின்பகுதி அமிழ்கிறது.

2004இல் சிமலூ தீவருகே தொடங்கிய உடைப்பு வடக்கு நோக்கி அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது. சென்னையிலிருந்து மும்பைக்குச் சாலைவழி அவ்வளவு தூரம். பத்து நிமிடத்தில் ஓடி முடித்தது. எழுந்ததும் அமிழ்ந்ததும் தரையிலேயே கண்ணுக்குத் தெரிந்தன. வட அந்தமான் கரைகளில் பவளத்திட்டுகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் வெளுத்தன. போர்ட் பிளேர் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கியது. கரையில் நின்றிருந்த கலங்கரை விளக்கம் கடல்நீருக்குள் நிற்கும் விளக்கமாயிற்று.

இந்த ஏற்ற இறக்கத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதிலிருந்துதான் உயிர் காக்கும் ஒரு செய்தி வருகிறது. எழுந்த விளிம்பு மேற்கே, அதாவது நம்மைப் பார்த்து இருந்தது. அமிழ்ந்த பகுதி கிழக்கே, தாய்லாந்தைப் பார்த்து இருந்தது. ஆகவே தாய்லாந்துக் கரைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அலையின் பள்ளம். அங்கே கடல் உள்வாங்கியது. மீன்கள் துடிப்பதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கடலுக்குள் நடந்து போனார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்குச் சிலநாள் முன்புதான் பாடம் படித்திருந்த ஓர் ஆங்கிலேயச் சிறுமி எச்சரித்ததால் ஒரு கடற்கரையே தப்பியது என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்தச் செய்தியோடு ஒரு விதியும் பரவியது: கடல் உள்வாங்கினால் ஓடு.

நமக்கோ அலையின் முகடுதான் முதலில் வந்தது. சென்னை அலைமானியில் காலை 9 மணியைத் தாண்டியதும் தெரியும் முதல் அசைவு ஏற்றம். இறக்கம் அதற்குப் பிறகு. உள்வாங்கியதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை; முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் கடல் பின்வாங்கியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். சுந்தா அகழியில் இதேபோல இன்னொரு உடைப்பு நடந்தால் சோழமண்டலக் கரைக்கு மீண்டும் முகடே முதலில் வரும். உள்வாங்கட்டும், ஓடலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த அறிகுறி கிடைக்காமலே போகலாம். நம் துண்டறிக்கைகளில் “கடல் உள்வாங்கும்” என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. “சில சமயம்” என்ற இரண்டு சொல்லையாவது முன்னால் சேர்த்தால் என்ன?

இனி திசை. நீளமான பிளவிலிருந்து அலையின் வலு பிளவுக்குக் குறுக்காகப் பாயும். அதன் நீளவாக்கில் மெலிந்துவிடும். 2004இல் உடைந்த பகுதி தெற்கு வடக்காகக் கிடக்கிறது. அதனால் அடி கிழக்கே தாய்லாந்துக்கும் மேற்கே இலங்கைக்கும் நமக்கும் விழுந்தது. வடக்கே, தாழ்ந்த கரையும் நெருக்கமான மக்களும் கொண்ட வங்கதேசம் பெருமளவு தப்பியது. நடுக்கடலில் அந்த அலை எப்படி இருந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. உடைப்பு நடந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக அதன் மேலே கடந்து போனது. அது அளந்த உயரம் அறுபது சென்டிமீட்டர் அளவே. அந்த நேரத்தில் படகில் இருந்தவர் ஒன்றும் உணர்ந்திருக்க மாட்டார். ஆனால் நான்காயிரம் மீட்டர் ஆழத் தண்ணீரை அடியிலிருந்து மேல்வரை முழுவதும் அசைத்தபடி மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அலை அது. கரை நெருங்கி ஆழம் குறையும்போது வேகத்தை இழந்து உயரத்தை வாங்கிக்கொள்கிறது.

2005இல் உடைந்ததும் அதே சாய்தளம், அதே வகை நகர்வு. தெற்கே அடுத்த பகுதி. அந்த இரவில் நம் கரை மக்கள் மீண்டும் ஊரைவிட்டு ஓடினார்கள். நியாஸ் தீவில் வீடுகள் இடிந்து ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அலை மட்டும் பெரிதாகவில்லை. எழும்பிய பகுதியில் பெரும்பங்கு தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலுமாக இருந்தது. நியாஸின் மேற்குக் கரை மூன்று மீட்டர் வரை எழுந்தது. எழுந்தது தரை; அதன் மேல் தள்ளிவிடத் தண்ணீர் போதவில்லை.

2012இல் கதையே வேறு. அந்த நிலநடுக்கம் அகழியில் நடக்கவில்லை. அகழிக்கு மேற்கே, கடல்தட்டின் உள்ளேயே, ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடந்த பல பழைய பிளவுகள் ஒரேயடியாகப் பக்கவாட்டில் நகர்ந்தன. கருவிகள் பதிவுசெய்த பக்கவாட்டு நகர்வுகளில் இதுவே மிகப் பெரியது. தண்ணீர் நிறைந்த அண்டாவின் அடியில் உள்ளங்கையைத் தரையோடு தரையாக நகர்த்திப் பாருங்கள், மேல்மட்டம் அலுங்காது. அதே கையைச் சட்டென்று மேலே தூக்கினால் தண்ணீர் வழியும். தேநீர்க் கடைக் கேள்விக்கு இதுதான் பதில்.

இதைக் கேட்டுவிட்டுப் பக்கவாட்டுப் பிளவுகள் சாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2018 செப்டம்பர் 28இல் சுலாவெசித் தீவின் பாலு நகரத்தில் 7.5 அளவில் பக்கவாட்டு நகர்வுதான் நடந்தது. நீண்டு குறுகிய அந்த விரிகுடாவில் கரைச்சரிவுகளும் நீருக்குள் சரிந்தன. சில நிமிடங்களில் அலை ஊருக்குள் வந்துவிட்டது. அபாயச் சங்கு ஊதுவதற்கே அங்கே நேரம் இல்லை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. எண் சிறியது, அலை பெரியது. 2006 ஜூலையில் ஜாவாவின் தென்கரையில் 7.7, அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2010 அக்டோபரில் மெந்தாவாய் தீவுகளில் 7.8, நானூறு பேருக்கு மேல். இரண்டிலும் ஆட்டம் மென்மையாக இருந்தது. வீடு இடியவில்லை, பயந்து ஓடத் தோன்றவில்லை. காரணம், உடைந்தது அகழியின் வாயோரம், மேல்மட்டத்து மென்மையான பகுதி. அங்கே உடைப்பு மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடும் உடைப்பு கட்டடத்தை உலுக்காது. ஆனால் ஆழ்கடலின் தரையைத் தூக்கிவிடும். கனாமோரி 1972லேயே இத்தகைய நிலநடுக்கங்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியிருந்தார்.

அகழியின் வாயோரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டு ஆறுகள் இங்கேதான் கதைக்குள் வருகின்றன. முன்பெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது இது: அகழிக்குப் பக்கத்தில் உள்ள வண்டல் நெகிழ்வானது, அழுத்தத்தைச் சேமிக்காது, ஆகவே பெரிய உடைப்பு அதுவரை வந்து அங்கே அடங்கிவிடும். 2011இல் ஜப்பானின் தோஹோகு நிலநடுக்கம் அதைப் பொய்யாக்கியது. அங்கே அகழியை ஒட்டியே தரை ஐம்பது மீட்டர் நகர்ந்திருந்தது. அடுத்த ஆண்டே சிக்யூ என்ற துளைக்கப்பல் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் ஆழக் கடலில் துளையிட்டுப் பிளவையே தொட்டது. ஐந்து மீட்டர்கூடத் தடிமனில்லாத வழுக்கும் களிமண் படலம் அது.

சுமத்ராவிலும் உடைப்பு அகழியின் வாய்வரை போனது, ஆனால் காரணம் வேறு விதமாக இருந்தது. 2016இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் வடக்குச் சுமத்ராவுக்கு மேற்கே, அகழிக்குள் இன்னும் நுழையாத கடல்தரையில், ஒன்றரை கிலோமீட்டர் வரை துளைத்து மண் எடுத்தது. வந்தது இமயமலை. கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக்கடலில் கொட்டும் வண்டல் கடலடியில் பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே பரவிக் கிடக்கிறது. அதன் ஒரு கிளை நிக்கோபாரைத் தாண்டிச் சுமத்ரா வரை போகிறது. அகழிக்கு வருவதற்குள் அந்த மண்ணடுக்கு நான்கைந்து கிலோமீட்டர் தடிமனாகிவிடுகிறது. இவ்வளவு தடித்த போர்வையின் அடியில் வெப்பம் ஏறுகிறது. கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர், தட்டு கீழே நுழைவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. நீர் இழந்த மண் இறுகி வலுவாகிறது. வலுவான பாறை அழுத்தத்தைச் சேமிக்கும். சேமித்ததை அகழியின் வாய்வரை ஒரேயடியாக விடும். 2004இல் அலை அவ்வளவு பெரிதானதற்கு இது ஒரு காரணம் என்று அந்தக் கப்பலில் சென்ற ஆய்வுக்குழு 2017இல் எழுதியது. மலையில் கரைந்த மண் நாகப்பட்டினம் அலைக்குப் பொறுப்பு என்று மேடையில் சொன்னால் அலங்காரம்போல ஒலிக்கும். ஆனால் துளைக்கப்பல் எடுத்த மண்ணில் இருந்து வந்த முடிவு அது.

அடுத்தது எப்போது என்று கேட்பீர்கள். கேட்காத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சுமத்ராவில், பந்தா ஆச்சே ஊருக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு குகை இருக்கிறது. சாதாரண அலை உள்ளே ஏறாது. ஆழிப்பேரலை ஏறி மணலை விட்டுப்போகும். அடுத்த அலை வரும்வரை அந்த மணல்மேல் வௌவால் எச்சம் படிந்துகொண்டிருக்கும். பள்ளம் தோண்டினால் வெளிறிய மணல், கறுத்த எச்சம், மறுபடி மணல் என்று கோடு கோடாகத் தெரிகிறது. அங்கே ஆய்வாளர்கள் 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையில் குறைந்தது பதினொரு ஆழிப்பேரலைகளை எண்ணினார்கள். சராசரி போட்டால் ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுக்கு ஒன்று. அந்தச் சராசரி ஒன்றுக்கும் உதவாது. ஓர் இடைவெளி இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல். இன்னொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் நான்கு அலைகள். 2004இல் வந்துவிட்டது, இனி ஐந்நூறு வருடம் கவலையில்லை என்று பேசுகிறவர்களுக்கு அந்த வௌவால் எச்சத்தைத்தான் காட்ட வேண்டும்.

நம் பக்கத்துப் பதிவும் ஒன்று உண்டு. 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபாரருகே 7.9 அளவில் ஒரு நிலநடுக்கம். வங்கக்கடலைச் சுற்றியிருந்த எட்டு அலைமானிகளில் அதன் அலை பதிவானது; மிக உயர்ந்த முகடு எண்பது சென்டிமீட்டர். யாரும் சாகவில்லை, ஆகவே யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. நூற்றிருபது ஆண்டு கழித்து 2003இல் இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளை மீண்டும் படித்துப் பிளவின் அளவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே டிசம்பர் 26 வந்தது.

மேற்குக் கடலில் மக்ரான் அகழி இருக்கிறது. 1945 நவம்பரில் அங்கே 8.1; பாஸ்னி, ஓர்மாரா ஊர்களை அழித்த அலை மும்பை வரை வந்து உயிர் குடித்தது. நம் வாசலிலும் பிளவுகள் உண்டு: 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் வந்து சென்னையையும் உலுக்கியது. அந்த அளவில் அலை எழாது. ஆனால் கடலோரக் கட்டுமானங்களுக்குத் திட்டம் போடுகிறவர்கள் அந்தப் பிளவுகளை மறக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்து பத்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு வந்துவிடும். பிறகு ஆழ்கடல் தரையிலுள்ள அழுத்தமானிகளும் கரை அலைமானிகளும் சொல்வதைப் பார்த்து அறிவிப்பை உயர்த்துவார்கள், தாழ்த்துவார்கள், விலக்குவார்கள். 2012இல் நடந்தது இதுதான். அதைப் பொய் எச்சரிக்கை என்று பேசினோம். அது பொய் இல்லை. முதல் பத்து நிமிடத்தில் கையில் இருப்பது எண்ணும் இடமும் மட்டுமே. பிளவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று உறுதியாகத் தெரிய இன்னும் நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் மக்களைக் கரையில் நிறுத்திவைக்க எந்தப் பொறுப்புள்ள மையமும் துணியாது. அப்படி நான்கு முறை வீணாக ஓடியிருந்தாலும் ஐந்தாம் முறையும் ஓடத்தான் வேண்டும்.

சிமலூ தீவுக்காரர்கள் ஓடினார்கள். 1907இல் அவர்கள் ஊரில் ஓர் ஆழிப்பேரலை வந்து பலரைக் கொன்றது. அதைப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: தரை பலமாக ஆடினால் குன்றேறு. 2004இல் பிளவுக்கு மிக அருகில் இருந்த ஊர் அது. முதல் அலை பத்து நிமிடத்துக்குள் வந்தது. எழுபத்தெட்டாயிரம் பேரில் இறந்தவர் ஏழு பேர். நமக்கு இருந்தது இரண்டரை மணி நேரம். அன்று காலை ஆறரை மணிக்குச் சென்னையில் பலர் கட்டில் ஆடி விழித்தார்கள். வெளியே வந்து பேசிவிட்டு மீண்டும் உள்ளே போனார்கள்.

கடலோர மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5ஐ உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறது. நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம், பள்ளிக்கு மழை விடுமுறை விடும் மாதம். அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒத்திகையை ஜூலையிலோ ஆகஸ்டிலோ வையுங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து மேட்டு நிலத்துக்கு நடத்திக் கூட்டிப்போய், எத்தனை நிமிடம் ஆகிறது என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தைப் பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள்.